ஒரு பழக்கத்தை ஆட்டிசம் என்று முடிவு கட்டுவதற்கு முன்

“எனக்கு மிக்ஸி சத்தம் ஆகாது, எனக்கும் ஆட்டிசம் இருக்குமோ?” “பையன் செருப்பை எல்லாம் வரிசையா அடுக்கறான், பயமா இருக்கு.” “எங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் பேச மாட்டாருங்க, அதுதான் போல.” இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது 36 வயதில் உறுதியானது. அதை நான் யாரிடமும் மறைப்பதில்லை என்பதால் சொந்தக்காரர்களும் கூட வேலை செய்கிறவர்களும் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கம், உறுதியான பிறகு நான் எது செய்தாலும் அதற்கு ஆட்டிசம்தான் காரணம் என்று நினைக்கிறவர்களும் என்னைச் சுற்றி இருக்கிறார்கள். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காததும் அதனால்தானாம். நான் சீக்கிரம் படுப்பதும் அதனால்தானாம்.

இந்த இரண்டு கூட்டத்தாரும் பழக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. அதை எப்படிப் பார்ப்பது என்று, படித்ததையும் வாழ்ந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மருத்துவர்கள் எதைப் பார்க்கிறார்கள்

பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும் என்பதால் முதலில் இதைச் சொல்கிறேன். ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. பேசி, கவனித்து, சின்ன வயதுக் கதையைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற கையேடு பரவலாகப் பயன்படுகிறது. நோய்களை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 தொகுப்பும் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

டி.எஸ்.எம்-5 இரண்டு பகுதிகளாகக் கேட்கிறது. முதல் பகுதி மற்றவர்களோடு பழகுவது பற்றி. இதில் மூன்று விஷயங்கள், மூன்றும் இருக்க வேண்டும்: பேச்சிலும் உணர்விலும் கொடுக்கல் வாங்கல் சிரமமாக இருப்பது, பார்வை, முகபாவம், சைகை போன்றவற்றைப் புரிந்துகொள்வதோ பயன்படுத்துவதோ சிரமமாக இருப்பது, நட்பை உண்டாக்கிக்கொள்வதும் அதைக் காப்பாற்றுவதும், இடத்துக்குத் தகுந்தபடி நடந்துகொள்வதும் சிரமமாக இருப்பது. இரண்டாவது பகுதியில் நான்கு விஷயங்கள், குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: ஒரே அசைவையோ பேச்சையோ திரும்பத் திரும்பச் செய்வது; மாற்றம் வந்தால் தாங்க முடியாமல் ஒரே முறையைப் பிடித்துக்கொள்வது; குறிப்பிட்ட விஷயங்களில் மிக ஆழமான ஈடுபாடு; ஒலி, ஒளி, தொடுதல், வாசனை, வலி போன்றவற்றை மற்றவர்களைவிட மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது. புலன் சம்பந்தப்பட்ட இந்தக் கடைசி விஷயம் 2013-ல்தான் பட்டியலில் சேர்ந்தது.

இத்தனையும் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வெளியே தெரிவது தாமதமாகலாம். பள்ளிக்கூடத்தில் எப்படியோ சமாளித்த பிள்ளை, கல்லூரி விடுதிக்கோ வேலைக்கோ போன பிறகு தடுமாறலாம். மற்றவர்களைப் போல நடந்துகொள்ளக் கற்றுக்கொண்ட நடிப்பு பல வருஷம் அதை மூடி வைத்திருக்கலாம். எனக்கு நடந்தது அதுதான். அப்புறம், இதனால் படிப்பு, வேலை, வீடு என்று ஏதாவது ஓர் இடத்தில் உண்மையான சிரமம் இருக்க வேண்டும்.

இப்போது மேலே சொன்ன கேள்விகளுக்கு வருவோம். மிக்ஸி சத்தம் ஆகாதது இரண்டாம் பகுதியின் நான்கில் ஒன்று, அதுவும் லேசாகப் பிடிக்காமல் இருந்தால் அதுகூட இல்லை. செருப்பை அடுக்குவது அதே பகுதியில் இன்னொன்றின் சாயல். வீட்டுக்காரர் பேசாமல் இருப்பது முதல் பகுதியில் வருமா என்பதே சந்தேகம். பேசப் பிடிக்காதவர் ஒரு ரகம். பேச ஆசைப்பட்டும், நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது எந்த இடைவெளியில் நுழைவது என்று தெரியாமல் நிற்கிறவர் வேறு ரகம். நான் இரண்டாவது.

“எல்லாருக்கும் கொஞ்சம் ஆட்டிசம் இருக்கத்தான் செய்யும்” என்று ஆறுதலாகச் சொல்வார்கள். அன்பாகச் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் அது சரியில்லை. ஆட்டிசத்தை ‘ஸ்பெக்ட்ரம்’ என்று சொல்வதால் இந்த எண்ணம் வருகிறது. ஸ்பெக்ட்ரம் என்பது ஆட்டிசம் உள்ளவர்களுக்குள்ளே இருக்கும் வித்தியாசங்களைக் காட்டுவது. ஒருவருக்குப் பேச்சே வராது, இன்னொருவர் மேடையில் பேசுவார். ஒருவருக்குத் தொடுதல் எரியும், இன்னொருவருக்கு அடிபட்டதே தெரியாது. ஊரில் எல்லாரையும் கொஞ்சம், நிறைய என்று நிறுத்தி வைக்கும் வரிசை அது இல்லை. அப்படி எடுத்துக்கொண்டால், “எனக்கும்தான் சத்தம் பிடிக்காது, நான் சமாளிக்கலையா?” என்ற கேள்வி உடனே பின்னால் வந்துவிடுகிறது. உதவி தேவைப்படுகிறவருக்கு அந்தக் கேள்வி கதவை மூடுகிறது.

ஒரு பழக்கம், பல காரணங்கள்

என் வேலையில் துணியில் ஓர் ஓட்டை தென்பட்டால் உடனே தையல்காரரைக் குறை சொல்ல மாட்டோம். ஊசி முனை மழுங்கி நூலை வெட்டியிருக்கலாம், நிட்டிங் மெஷினிலேயே கண்ணி விட்டிருக்கலாம், மூட்டையைத் தூக்கும்போது கிழிந்திருக்கலாம். ஓட்டை ஒன்றுதான், ஆனால் எதைச் சரிசெய்வது என்பது காரணத்தைப் பொறுத்தது. பழக்கங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

“கல்யாண வீட்டுக்கு வர மாட்டேன்” என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இது பெரிய குற்றம், அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன். ஏன் வர மாட்டேன் என்கிறார்? மேளச் சத்தம், வீடியோ லைட், மல்லிகை வாசனை, பந்தியில் நெருக்கியடிக்கும் கூட்டம் எல்லாம் ஒன்றாக மேலே விழுவதாலா? அப்படியானால் புலன் சார்ந்தது. நாலு பேர் தன்னைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்ற பயம் முந்தின நாள் ராத்திரியே வயிற்றைப் பிசைவதாலா? அது சமூகப் பதற்றமாக இருக்கலாம். போன வருஷம் வரை ஆசையாகப் போனவர் இப்போது எதிலும் மனம் ஒட்டாமல் கிடக்கிறாரா? அப்படியானால் மனச்சோர்வா என்று உடனே பார்க்க வேண்டும். போன இடத்தில் எல்லாம் “இன்னும் குழந்தை இல்லையா?” என்று கேட்கிறார்களா? அப்படியானால் அவரிடம் எந்தக் கோளாறும் இல்லை, கேட்கிறவர்கள் நிறுத்த வேண்டும்.

செருப்பு அடுக்கும் பையனையும் அப்படியே பாருங்கள். வரிசையாக இருப்பதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருக்கிறதா? அல்லது அடுக்காவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் விரட்டுகிறதா? முன்னது விளையாட்டாக இருக்கலாம், ஆட்டிசத்தின் பகுதியாகவும் இருக்கலாம். பின்னது ஓ.சி.டி பக்கம், அதாவது வேண்டாத எண்ணம் விரட்டி ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கோளாறின் பக்கம், போகிறது, அதற்கு மருத்துவமே வேறு. மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் எதையாவது அடுக்கத்தான் செய்வார்கள். அடுக்கியதை நீங்கள் கலைத்தால் என்ன ஆகிறது, அடுக்கியதைக் காட்ட உங்களைக் கூப்பிடுகிறானா, உங்களையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறானா என்பவை அடுக்குவதைவிட அதிகம் சொல்லும்.

கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது பரிசோதனை. பெரா டெஸ்ட் என்று சொல்வார்கள், குழந்தை தூங்கும்போதே எடுக்கலாம். இதைச் செய்யாமல் வேறு எந்த முடிவுக்கும் போகக் கூடாது. பெரியவர்களில், பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் நழுவுவது, பாதி வேலையில் விட்டுவிட்டுப் போவது போன்றவை ஏ.டி.எச்.டி என்ற கவனக் குறைபாட்டிலும் உண்டு. டி.எஸ்.எம் கையேட்டின் பழைய பதிப்பின்படி ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி-யும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்லக் கூடாது. 2013-க்குப் பிறகு சொல்லலாம், பலருக்கு இரண்டும் இருக்கின்றன. அதனால் ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட வேண்டாம்.

கண்ணைப் பார்த்துப் பேசுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் எழுதிய குறிப்புகளில் இது பெரிய அடையாளமாக இருக்கும். எங்கள் ஊரில் பெரியவர்கள் பேசும்போது தலையைக் குனிந்து நிற்பதுதான் மரியாதை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் ஏராளம். அவர்களிடம் இந்தக் கேள்விக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. வேலைக்காக வெளியூர் போய், மொழி தெரியாமல் ஒதுங்கி இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. “அவங்க அப்பனே அஞ்சு வயசுலதான் பேசினான்.” “எங்க அப்புச்சியும் இப்படித்தான், ஒருத்தர்கிட்டயும் ஒட்ட மாட்டார்.” இதைச் சொல்லி வருஷக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் ஆட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டியிருக்கின்றன. அதனால் அப்புச்சியும் இப்படித்தான் என்பது சந்தேகத்தைத் தீர்க்கும் பதில் ஆகாது. அப்புச்சிக்கும் இருந்திருக்கலாம், அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். குழந்தை ஒரு வயதாகியும் மழலை ஒலி எழுப்பவில்லை, கை நீட்டிக் காட்டவில்லை என்றாலோ, 16 மாதத்தில் ஒற்றைச் சொல்கூட வரவில்லை என்றாலோ, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ காத்திருக்காதீர்கள். வந்த பேச்சோ பழக்கமோ திரும்பிப் போய்விட்டால், எந்த வயதாக இருந்தாலும், அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

எழுதி வைப்பது எப்படி

ஒரு சின்ன நோட்டு போதும், போனில் எழுதினாலும் சரி. சில வாரங்களுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, உடம்பில் என்ன தோன்றியது, சரியாவதற்கு எவ்வளவு நேரம் ஆனது, எது உதவியது. “ஆட்டிசம்” என்ற சொல்லை அந்த நோட்டில் எழுதவே வேண்டாம். எழுதினால் அதற்கு ஏற்றபடியே எல்லாம் கண்ணில் படத் தொடங்கிவிடும்.

மாதிரிக்கு இரண்டு. “சாயந்திரம், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடியது. எரிச்சல். ஜன்னலைச் சாத்தினேன், உடனே சரியாகிவிட்டது.” இது ஒருவருடையது. “வளைகாப்பு வீடு. பந்தியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், வார்த்தைகள் காதில் விழுந்தும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் வாயில் பேச்சு வரவில்லை. இருட்டு அறையில் படுத்தேன். மறுநாள் மதியம்தான் பழைய நிலை.” இது என்னுடைய நோட்டில் இருக்கும் மாதிரியான பக்கம். இரண்டு பேருக்கும் சத்தம் பிடிக்காது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எழுதிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

அடுத்தது சின்ன வயது. பெரியவர்களுக்கு இதுதான் கடினமான பகுதி, ஏனென்றால் அம்மாவிடமோ அத்தையிடமோ போய்க் கேட்க வேண்டும். “எனக்குச் சின்ன வயசுல ஆட்டிசம் இருந்துச்சா?” என்று கேட்டால் “அதெல்லாம் ஒண்ணுமில்லை, நீ நல்லாத்தான் இருந்தே” என்றுதான் பதில் வரும். தாய் மனது தன்னைக் குற்றம் சாட்டுவதாக எடுத்துக்கொள்கிறது. அதனால் சம்பவங்களைக் கேளுங்கள். நான் எப்போது பேச ஆரம்பித்தேன்? எதைச் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தேன்? தீபாவளிக்கு என்ன செய்வேன்? புதுத் துணி போட்டால் அழுவேனா? பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடு இருந்தேன்? வீட்டில் சாமான் இடம் மாறினால் என்ன ஆகும்? என் அம்மாவிடம் இப்படிக் கேட்டபோதுதான், “அவிநாசித் தேருக்குக் கூட்டிட்டுப் போனா காதைப் பொத்திக்கிட்டு என் முந்தானைக்குள்ளயே இருப்பே கண்ணு, தேரையே நீ பார்த்ததில்லை” என்று தானாகச் சொன்னார். பழைய மார்க் ஷீட்டில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, பள்ளிக்கூட போட்டோ, பக்கத்து வீட்டு அக்காவின் ஞாபகம் எல்லாமே உதவும்.

இணையத் தேர்வுகள் பற்றி

பலரும் செய்து பார்ப்பது ஏ.கியூ என்ற 50 கேள்விகள். ஆட்டிச ஆய்வாளர் சைமன் பாரன்-கோஹனும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினரும் 2001-ல் வெளியிட்டது. அதில் 32-ம் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது கணக்கு. மேற்கொண்டு பார்க்கலாம், அவ்வளவுதான். பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கும் எண் ஏறும். பல வருஷம் நடித்துப் பழகியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எண் குறைவாக வரலாம். கேள்விகளும் அந்த ஊருக்கானவை. பார்ட்டிக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போகவே விரும்புவேன் என்று ஒன்று. எங்கள் தெருவில் பார்ட்டியும் கிடையாது, நினைத்தால் போகும் தூரத்தில் நூலகமும் கிடையாது. அந்த இடத்தில் நான் வளைகாப்பையும் வீட்டில் தனியாக இருப்பதையும் வைத்துப் பதில் சொன்னேன். நீங்களும் அப்படி உங்கள் வாழ்க்கைக்கு மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். வந்த எண்ணைவிட, எந்தக் கேள்விக்கு ஏன் “ஆமாம்” என்றீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உபயோகமாக இருக்கும்.

ஒரு நிமிஷ வீடியோக்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தங்களைப் பற்றிப் பேசும் ஆட்டிசம் உள்ளவர்களின் வீடியோக்கள் எனக்கே தைரியம் தந்திருக்கின்றன. ஆனால் “இந்த ஐந்தும் உங்களுக்கு இருக்கிறதா?” என்று கேட்கும் வீடியோவில் எல்லாருக்கும் பொருந்துகிற ஐந்துதான் இருக்கும்.

மற்றவர்களுக்குப் பெயர் வைப்பதும் வேண்டாம். பிடிக்காத மேனேஜரை “அந்தாளுக்கு ஆட்டிசம்” என்று சொல்வது வசவாகவே புழங்குகிறது, அதைக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது. மேதைகளுக்குச் சூட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கணித மேதை ராமானுஜனுக்கு ஆட்டிசம் இருந்தது என்று எழுதுகிறார்கள். அவர் இறந்தது 1920-ல். ஆட்டிசத்தை மருத்துவ உலகத்துக்குப் பரவலாகத் தெரிய வைத்தது மனநல மருத்துவர் லியோ கானர் பால்டிமோரில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, அது 1943-ல்தான் வந்தது. எந்த மருத்துவரும் அந்தக் கண்ணோட்டத்தில் ராமானுஜனைப் பார்த்ததில்லை.

யாரிடம் போவது

பெரியவர்கள் மனநல மருத்துவரிடமோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ போகலாம். போன் செய்யும்போதே “பெரியவர்களுக்கு ஆட்டிசம் பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள், பலர் குழந்தைகளை மட்டும்தான் பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. குழந்தைகளுக்கு அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் என்.ஐ.இ.பி.எம்.டி என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு இந்தியாவில் ஆட்டிசத்தை மதிப்பிடும் ஐ.எஸ்.ஏ.ஏ என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, மாற்றுத்திறன் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் சட்டம் தரும் பல சலுகைகள் உண்டு. சரளமாகப் பேசி வேலைக்கும் போகிற பெரியவரின் சிரமம் அந்த 40 கேள்விகளில் முழுதாகத் தெரியாமல் போகலாம். மருத்துவர் உங்களுக்கு ஆட்டிசம் என்று சொல்வதும் சான்றிதழ் கிடைப்பதும் தனித்தனி விஷயங்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். எனக்கு எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் ஞாபகமெல்லாம் போய்விடும், எழுதி வைத்ததைத்தான் அப்படியே நீட்டினேன்.

பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டாதவை

உடுப்பு உறுத்துகிறது என்று அழும் பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடுப்பு உறுத்துகிறது. அதை இன்றைக்கே சரிசெய்யலாம். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழுத்து லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். தையலுக்குள் மாட்டியிருக்கும் அடிப்பகுதி கட்டையாக நின்று முன்னைவிட அதிகமாகக் குத்தும். தையல் பிரிக்கும் கருவியால் லேபிளைப் பிடித்திருக்கும் தையலை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து முழுதாக எடுங்கள். காலர் தையலோடு சேர்த்து அடித்திருந்தால் அந்த இடம் கொஞ்சம் திறந்துகொள்ளும், அதைப் பருத்தி நூலில் கையால் தைத்துவிடலாம். இடுப்புப் பக்கத் தையலிலும் உள்ளே ஒரு லேபிள் இருக்கும், துவைக்கும் முறை போட்டது. அதைப் பலரும் மறந்துவிடுவார்கள். சில உடுப்புகளில் லேபிளை நைலான் நூலில் அடித்திருப்பார்கள், நுனி முள் மாதிரி குத்தும், அந்த நூலையும் உருவி எடுங்கள். வாங்கும்போதே லேபிளுக்குப் பதிலாகத் துணியிலேயே அச்சடித்த டீ-ஷர்ட்டாகப் பார்க்கலாம்.

தையலையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓவர்லாக் தையல் உள்ளே வரப்பு மாதிரி மேலே எழும்பி நிற்கும். ஃப்ளாட்லாக் அடித்தது படுத்துக் கிடக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் எது இருக்கிறது என்பதுதான் முக்கியம். உள்பனியனைத் திருப்பிப் போட்டுவிட்டால் வரப்பு வெளிப்பக்கம் போய்விடும், மேலே சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. பள்ளிச் சீருடையைத் திறப்பு நாளன்று முதன்முதலாகப் போடாமல், முன்கூட்டியே வாங்கி நாலைந்து முறை கஞ்சி போடாமல் துவைத்து, வீட்டில் கொஞ்ச நேரம் போட்டுப் பழக்குங்கள்.

சத்தத்துக்கும் சின்ன வழிகள் உண்டு. மிக்ஸி போடப் போகிறேன் என்று முன்பே சொல்வது, குக்கருக்கு எத்தனை விசில் வைப்போம் என்று சொல்லிவிடுவது, கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு எதிரே உட்காராமல் வாசல் பக்கம் இடம் பிடிப்பது, காதடைப்பான் வைத்துக்கொள்வது. இதற்கெல்லாம் டாக்டர் சீட்டு வேண்டாம். நாளைக்கே டாக்டர் “ஆட்டிசம் இல்லை” என்று சொன்னாலும் இவற்றை விட்டுவிட வேண்டாம்.

ஏற்கெனவே உறுதியானவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

இங்கேதான் ஆபத்து அதிகம். என்னோடு வேலை செய்யும் ஓர் அக்காவின் மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம் உண்டு, பேச்சு கிடையாது. திடீரென்று தன் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். “ஆட்டிசம்னா அப்படித்தான் இருக்கும்” என்று பலரும் சொன்னார்கள். அக்காவின் மாமியார்தான் அவன் இடது பக்கத்தில் மெல்லாமல் விழுங்குவதைக் கவனித்தார். கடைவாய்ப் பல் சொத்தையாகி உள்ளே சீழ் கட்டியிருந்தது. பல்லைச் சரிசெய்ததும் அறைந்துகொள்வது நின்றுவிட்டது. அதுவரை அந்தப் பிள்ளை பல்வலியோடு இருந்திருக்கிறான்.

அதனால் இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: புதிதாக ஒரு பழக்கம் வந்தால், அல்லது பழையது திடீரென்று அதிகமானால், முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, தொண்டை, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், தூக்கம், பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி. கண் நிலைகுத்திப் போவது, சில நொடி நினைவு தப்புவது போலத் தெரிந்தால் வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பேசத் தெரியாத பிள்ளையிடம் உடம்புப் படம் ஒன்றைக் காட்டி, எங்கே என்று தொடச் சொல்லிப் பழக்கலாம். அதை வலி இல்லாத நாளில் பழக்க வேண்டும், வலி வந்த அன்று புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

பேசுகிறவர்களுக்கும் இது பொருந்தும். எனக்குப் பசி சரியாகத் தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் சாப்பிடவில்லை என்பதே உறைக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். இது ஆட்டிசத்தோடு சேர்ந்தது என்று என் டாக்டர் சொன்னார். ஆனால் ஒரு சமயம் மாதக்கணக்கில் உடம்பு அசந்து கிடந்ததையும் நானும் வீட்டாரும் அதே கணக்கில் சேர்க்கப் பார்த்தபோது, ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ரத்தசோகை இருந்தது, இரும்புச் சத்து மாத்திரையில் தெளிந்தது.

உடம்புக்கு அடுத்தது நியாயம். ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் பரிசோதனை அளவை மாற்றினால் எனக்குக் கோபம் வரும். பக்கத்து டேபிள் அண்ணனுக்கும் வரும். அவர் கோபப்பட்டால் “என்னாச்சுங்க?” என்று கேட்கிறார்கள். நான் கோபப்பட்டால் “விடுங்க, அவங்களுக்கு மாற்றம் ஆகாது” என்று ஒதுங்குகிறார்கள். மாற்றம் எனக்குக் கஷ்டம்தான், அது உண்மை. அன்றைக்கு அந்த மாற்றம் தவறாகவும் இருந்தது, அதுவும் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைக் கேட்காமல் விடுவது எனக்குச் செய்யும் அநியாயம்.

எங்கள் பக்கமும் பொறுப்பு உண்டு. ஒருவருடைய தையலைப் பற்றி நான் பட்டென்று சொல்லி அவர் மனம் புண்பட்டால், ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க ஆட்டிசம் உதவும். மன்னிப்பு தனியாகக் கேட்டுவிட வேண்டும். “நான் யோசிக்காமல் பேசிவிட்டேன், மன்னிச்சுக்குங்க. அடுத்த முறை தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.” இரண்டு வரி போதும், காரணத்தை அவர் கேட்டால் சொல்லலாம்.

வீட்டில் ஆட்டிசம் உள்ள ஒருவர் கோபப்பட்டாலோ அழுதாலோ ஒதுங்கிப் போனாலோ, மற்ற யாரிடமும் கேட்பது போலவே என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த நேரத்தில் பதில் வராமல் போகலாம். எனக்கு வாயில் வராதது வாட்ஸ்அப்பில் வந்துவிடும், அதனால் என் வீட்டில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு “எழுதி அனுப்பு” என்பார்கள். பேசவும் எழுதவும் முடியாதவராக இருந்தால் அன்றைக்கு எது மாறியது, யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார், எங்கே கை வைக்கிறார் என்று நீங்கள் பாருங்கள். காரணம் தெரிந்ததும் அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லுங்கள். பரிசோதனை அளவை மாற்றியது பற்றி நான் எழுதி அனுப்பியதைப் படித்த எங்கள் சூப்பர்வைசர், மறுநாளிலிருந்து மாற்றங்களை முந்தின சாயந்திரமே போர்டில் எழுதிப் போட்டார். அதனால் எங்கள் டேபிளில் எல்லாருக்கும் வேலை சுலபமானது.